எட்டு கோரும் ஒரு கல்யாணமும்

அறந்தாங்கியில் ஸ்டுடியோ வைத்திருந்த பூவலிங்கத்துக்கு அறிவு கொஞ்சம் கம்மி. அந்தக் குறையைச் சரிக்கட்ட இரண்டு உதவியாளர்கள் வைத்திருந்தார். தவசிக்கும் செல்லையாவுக்கும் அந்தக் கொஞ்சமும் கிடையாது.

வைரவன் மகள் கல்யாண வீடியோ கம்ப்யூட்டரில் இன்னும் தயாராகிக்கொண்டே இருந்தது. பெண்ணுக்கு அன்று சாயங்காலம் வளைகாப்பு. "இன்னைக்குப் படம் போடலேன்னா, பேரப்பிள்ளை காதுகுத்து எதிர் ஸ்டுடியோவுக்குத்தான்" என்று வைரவன் கறாராகச் சொல்லிவிட்டார். பூவலிங்கம் உடனே கம்ப்யூட்டர் விற்றவருக்குப் போன் போட்டார்.

"உள்ளே எட்டு கோர் இருக்குங்க, எட்டு மூளை மாதிரி. ஒண்ணுதான் வேலை பாக்குது, மத்த ஏழும் சும்மா கெடக்கு. த்ரெட்டை எட்டுன்னு வைங்க."

"ஏழு பேர் சும்மா உக்காந்து என் கரண்டைத் தின்னுருக்கானுங்க!" என்று பூவலிங்கம் கொதித்தார். த்ரெட் என்றால் நூல் என்பது தவசிக்குத் தெரியும். அவன் எட்டு நூல் வாங்கி வந்தான்.

"கல்யாண வீடியோண்ணே, வெள்ளை நூல் ஆகாது" என்றான் செல்லையா. மஞ்சள் தடவி, எட்டையும் கம்ப்யூட்டர் மேல் வைத்துக் கும்பிட்டார்கள். வேகம் கூடவில்லை. மறுபடியும் போன்.

"அட, நூல் இல்லீங்க!" என்று விற்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "வீடியோவை எட்டாப் பிரிச்சு, கோருக்கு ஒண்ணா ஓட விடுங்க. முடிய முடிய எடுத்து ஒட்டிருங்க."

பிரித்துக் கொடுத்ததும் எட்டும் சுறுசுறுப்பாக ஓடின.

"அண்ணே, விருந்து முடிஞ்சிருச்சு. தாலி இன்னும் வரலை" என்றான் தவசி.

"முதல்ல வந்தவங்களுக்குத்தானே பந்தியில முதல் இலை? ஒட்டு!"

வளைகாப்பில் படம் ஓடியது. எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்கள், பெண் அழுதுகொண்டே புருஷன் வீட்டுக்குப் போனாள், பிறகு தாலி கட்டினார்கள். கடைசியாகப் பெண் பார்க்கும் காட்சி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். திரை இருண்டது.

வைரவன் பதறி எழுந்தார். "ஐயையோ! புள்ளைக்கு ஏழாம் மாசம், இன்னும் ஒரு முடிவு சொல்லலையே!"

பூவலிங்கம் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பதறாதீங்க ஐயா. எட்டாவது கோர்ல இன்னும் ஒரு துண்டு ஓடிக்கிட்டிருக்கு. அதுல நல்ல பதிலாச் சொல்லிருவாங்க."