துரு ஏறாத கைப்பிடி

"அளவு பிசகல, நிறம் பிசகல. ஆனாலும் இது எங்க வீட்டுக் காரு மாதிரி இல்லையே டீச்சர், ஏன்?" என்று கேட்டார் பூவலிங்கம்.

ஜெசிந்தா டீச்சர் கையிலிருந்த குட்டிக் கப்பலை மேசையில் வைத்துவிட்டு, அவர் நீட்டிய குட்டி அம்பாசிடரை வாங்கிக்கொண்டார்.

தூத்துக்குடியில் கப்பல் கம்பெனிகளின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் கப்பல்களில் பலவும் அந்த டீச்சர் செய்தவை. பூவலிங்கத்தைவிட இருபது வயதாவது இளையவர். ஆனால் கற்றுக்கொள்ள வந்த பிறகு வயதைப் பார்த்தால் ஆகுமா?

பூவலிங்கம் மஸ்கட்டில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆட்களை ஏவியே பழகிய வாய், பசை ஒட்டத் தெரியாத விரல். அப்படிப்பட்டவர் மூச்சிரைக்க மாடியேறி வந்ததற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் முதல் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அப்பாவின் படத்துக்குக் கீழே அந்தக் கார் இருக்க வேண்டும்.

நிஜக் கார் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டவரும் அவர்தான்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றாள் அவர் மனைவி. அவர் பசையைத் தேடிக்கொண்டு போனார்.

டீச்சர் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கம்பெனியிலேர்ந்து இப்பதான் இறங்கின காரு. உங்க அப்பா கடைசி வரைக்கும் வச்சிருந்த காரு எங்க?"

பிறகு துருவைக் கற்றுக்கொடுத்தார். முதலில் துரு நிறம். அது ஈரமாக இருக்கும்போதே கல்லுப்பு. அதன்மேல் காரின் நிறம். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் வர்ணம் உரிந்து, அடியில் இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். உப்புக்கு அந்த ஊரில் என்ன பஞ்சம்?

பூவலிங்கம் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஒரு பிடி போடச் சொன்ன இடத்தில் ஒரு படி போட்டார். அடுத்த முறை வந்த காரைப் பார்த்து டீச்சர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது கடலுக்கு அடியில கிடந்த காரு."

"துருன்னா துருதானே டீச்சர்?"

"இல்ல. துருவுக்கு ஆளு தெரியும்."

அது என்ன பேச்சு என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்க அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அப்பா காரின் போட்டோ எதுவும் இருக்கிறதா என்று டீச்சர்தான் கேட்டார்.

இருந்தது. விலை பேசுவதற்காகக் காயலான் கடைக்காரர் நாலு பக்கமும் எடுத்து அனுப்பியவை போனில் அப்படியே கிடந்தன. பூவலிங்கம் அவற்றைத் திறந்து பார்த்ததே இப்போதுதான்.

மூன்றாம் முறை படத்தை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தார். பின்பக்க பம்பர் வளைந்திருந்தது, வளைத்தார். விளக்குக் கண்ணாடி கீறியிருந்தது, கீறினார். டயர்கள் தரையோடு அமுங்கியிருந்தன, அமுக்கினார். கொண்டுவந்து வைத்துவிட்டு, பரீட்சை எழுதிய பையனாக எதிரே உட்கார்ந்தார்.

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்தார். போட்டோவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கடைசியில் தூரிகையின் பின்முனையால் ஓர் இடத்தைத் தொட்டார். இடப்பக்க முன்கதவின் கைப்பிடி.

போட்டோவில் அது பளபளவென்று இருந்தது. பூவலிங்கம் அதில் துரு பூசியிருந்தார்.

"இத மட்டும் ஏன் மாத்தினீங்க?"

"வெயில் பட்டு மின்னுது டீச்சர். அது போட்டோவுல உள்ள கோளாறு."

"காரு எங்க நின்னுச்சு?"

"தகரக் கொட்டகைக்குள்ள."

"கொட்டகைக்குள்ள ஏது வெயில்?"

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. விடவில்லை, வாதாடினார். அப்பாவுக்கு வலது கால் மரத்துப்போய் பிரேக்கை மிதிக்க முடியாமல் ஆன நாளிலிருந்து அந்த வண்டி அசையவே இல்லை. ஆறு வருஷம். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். வீட்டில் அப்பா ஒருவர்தான். ஓடாத காரின் கதவை யார் திறக்கப் போகிறார்கள்? மற்ற கைப்பிடிகள் மூன்றும் பொரிந்துபோய்க் கிடக்க, இது ஒன்று மட்டும் எப்படி மின்னும்?

டீச்சர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"காத்து பலமா அடிக்கு. கீழ போய்க் கதவைத் தாழ் போட்டுட்டு வாங்க அண்ணாச்சி."

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, தாழ் போட ஆள் வேண்டுமாம். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

கடலைப் பார்த்த இரும்புக் கதவு. உப்புக்காற்று அதை அரித்துத் தின்றிருந்தது. தொட்ட இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பூவலிங்கம் தாழ்ப்பாளின் குமிழைப் பிடித்தார்.

அந்தக் குமிழ் மட்டும் தினமும் கை பட்டுப் பட்டு, தேய்த்துக் கழுவிய கரண்டி போல வெள்ளையாக இருந்தது.

அவர் தாழ் போடவில்லை. குமிழைப் பிடித்தபடியே நின்றார்.

"ஏல, நீ வந்து ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வாரேன். திருச்செந்தூர் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துருவோம்." போன் பேசும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்வார். அடுத்த லீவுக்கு வண்டியைச் சரிபண்ணி ஓட்டுகிறேன் என்று இவரும் சொல்வார். லீவுக்கு வந்தால் ஏசி வைத்த வாடகைக் கார் வாசலில் நிற்கும். அப்பா பின் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவார்.

ஒருமுறை எரிச்சலில், "அந்தக் குப்பையக் குடுத்துத் தொலைங்கப்பா" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா காரைப் பற்றிப் பேசவே இல்லை. தொல்லை விட்டது என்று இவர் நினைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வண்டியை இழுத்துப் போகும் அன்று காயலான் கடைக்காரர் ஒரு பனையோலை விசிறியைக் கொண்டுவந்து நீட்டினார். முன் சீட்டில், இடது பக்கம் கிடந்ததாம். காருக்குள் விசிறி வைக்கிற கிறுக்கன் யார் என்று கேட்டுவிட்டு, அதைக் குப்பையில் போட்டிருந்தார்.

தகரக் கொட்டகைக்குள் புழுக்கம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்தார்.

அவர் மேலே வர வெகுநேரம் ஆயிற்று.

"தினமும் போய் உக்காந்திருக்காரு டீச்சர்."

டீச்சர் தலையாட்டினார்.

"ஓட்டுற சீட்டுல இல்ல. பக்கத்துல."

மஸ்கட்டில் பத்துப் பேரை அதட்டிய மனிதர், மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டீச்சர் பஞ்சு சுற்றிய ஒரு குச்சியை வர்ணம் கரைக்கும் எண்ணெயில் நனைத்து அவர் பக்கம் தள்ளினார். பூவலிங்கம் இடப்பக்கக் கைப்பிடியை மெல்லத் தேய்த்தார். துரு கரைந்து, அடியில் வெள்ளி நிறம் தெரிந்தது. கதவின் விளிம்பில் முழங்கை பட்டிருக்கும் இடத்தையும் தேய்த்தார். அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு காரை மறுபக்கம் திருப்பினார்.

ஓட்டுகிறவர் ஏறும் கதவு. அதன் கைப்பிடியில் துரு அப்பியிருந்தது. அவருடைய கை பஞ்சோடு மெல்ல அங்கே போயிற்று.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. அங்க துரு சரியாத்தான் இருக்கு."