அங்கப்பன் சொன்ன அலிபி

பினாங்கில் லாயர் சிதம்பரேசன் ஒன்பது சீனக் குமாஸ்தாக்களுக்குச் சட்ட ஆங்கிலம் கற்பித்து வந்தார். மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியும் ‘அலிபி’ என்ற சொல் ஒருவருக்கும் பிடிபடவில்லை. நாலாம் நாள், ஆ செங் என்ற மாணவன் முந்தின நாள் கொண்டுவந்த தன் கேக் டப்பாவைக் காணோம் என்றான். எரிச்சலில் இருந்த லாயர் தம் வேலையாள் அங்கப்பனைக் கூப்பிட்டார்.

“நேற்று நீதான் தின்றிருப்பாய். இல்லையென்றால் இவர்கள் முன்னால் நிரூபி. முடியாவிட்டால் இப்போதே நடையைக் கட்டு.”

அங்கப்பன் எல்லாருக்கும் புரியும் சந்தை மலாயில் ஆ செங்கைக் கேட்டான்.

“எத்தனை மணிக்குக் காணாமல் போனது?”

“இரண்டு மணிக்கு வராந்தா அலமாரியில் வைத்தேன். நாலு மணிக்கு இல்லை.”

“அந்த இரண்டு மணி நேரமும் நான் இங்கே இல்லை. குதிரைப் பந்தயத் திடலில் ஒருவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். அவரே சாட்சி. இதற்குப் பெயர்தான் அலிபி.”

ஒன்பது தலைகளும் ஆடின.

“யார் அந்தச் சாட்சி?” என்றான் ஆ செங்.

“நம் லாயர் ஐயாதான்.”

“ஹைகோர்ட்டில் வழக்கு இழுத்துவிட்டது என்று சொல்லித்தானே நேற்று நாலு மணிக்கு வந்தார்?”

லாயர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இவன் எடுக்கவில்லை,” என்று முனகினார்.

ஒன்பது பேரும் அலிபியின் பொருளை உதாரணத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.