மூன்று குடம் மஞ்சள் நீரும் ஒரு கட்டுக் கருவேலமும்

முன்னொரு காலத்தில் மஞ்சுக்கோட்டை என்னும் மலைநாட்டைப் பூபாலரங்கன் என்ற மன்னன் ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது புலவர்கள் சொன்னது. குளிர்காலம் முழுக்க அவன் செய்ததெல்லாம் இருமியதுதான். கொலுமண்டபத்தின் நடுவே குளிர்காய ஆளுயரக் கணப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். விறகை அடுக்கி மூட்டினால் முதலில் புகை வரும். சூடு வந்தால் வரும், வராமலும் போகும். புகை மட்டும் போகாது.

"இதற்கு யார் காரணம்?" என்று ஒருநாள் மன்னன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான்.

அரண்மனைச் சரக்கு அதிகாரி ஆதித்தநம்பி அடக்கமாக முன்னே வந்தார். அடக்கம் அவருக்கு மன்னன் முன்னால் மட்டும் வரும்.

"விறகின் பிறப்பு அப்படி, பிரபு. சந்தனம் தங்களுக்கு உரியது. மாமரம் எங்களைப் போன்றவர்களுக்கு. கருவேலமோ முள்மரம், சுடுகாட்டுக்குப் போக வேண்டியது. அடிவாரத்து ஆட்கள் அதைக் கொண்டுவந்து தங்கள் திருமேனியைப் புகைக்கிறார்கள்."

மன்னனுக்குக் கோபம் வர அவ்வளவு போதும். அன்று விறகு சுமந்து வந்த சடையனைச் சிறையில் தள்ளினார்கள். அடிவாரக் காட்டில் இனி அந்த ஆட்கள் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக்கூடாது என்று ஓலையும் எழுதியாயிற்று. முத்திரை மட்டும் பாக்கி. காடு இனி ஆதித்தநம்பியின் பொறுப்பில் இருக்கும் என்ற வரி, ஓலையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அப்படிப்பட்ட வரிகளுக்கு எந்த நாட்டிலும் அடியில்தான் இடம்.

மறுநாள் காலை சடையனின் மனைவி ஒச்சாயி, தலையில் ஒரு கட்டுக் கருவேலத்தோடு மண்டப வாசலில் வந்து நின்றாள்.

"ராசா, இதே விறகைத்தான் நாங்களும் எரிக்கிறோம். கைப்பிள்ளையைப் பக்கத்துல போட்டுத் தூங்குறோம். ஒருத்தரும் இருமுனதில்லை. இங்க மட்டும் ஏன் புகையுதுன்னு நான் கண்ணால பார்க்கணும்."

மன்னனுக்கு அன்று பொழுது போகவில்லை. "நல்லது, பந்தயம் வைப்போம். கணப்பின் ஒரு பக்கம் நம்பியின் சந்தனம், மறுபக்கம் உன் கருவேலம். நீ தோற்றால் உன் புருஷன் உள்ளேயே கிடப்பான். காட்டு ஓலையில் முத்திரை விழும்."

சந்தனக் கட்டு பட்டுத்துணியில் வந்து வாசலில் இறங்கியது. அதன் எதிரே ஒச்சாயி தன் சுமையை இறக்கினாள். இறக்கிய கையோடு இரண்டு பணியாட்கள் ஓடிவந்து, மூன்று குடம் மஞ்சள் நீரை அதன்மேல் கவிழ்த்தார்கள்.

"என்னய்யா இது?" என்றாள் ஒச்சாயி.

"சுத்தம் செய்கிறோம்," என்றார் ஆதித்தநம்பி. "நீங்கள் தொட்டது எதுவானாலும் நனைத்துத்தான் உள்ளே எடுக்க வேண்டும். என் பாட்டனார் ஏற்படுத்திய முறை."

"தினமுமா?"

"ஒருநாளும் தவறியதில்லை."

அடிவாரத்து ஆட்கள் அதுவரை வெளிவாசலிலேயே சுமையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே அதற்கு நடப்பதை யாரும் பார்த்ததில்லை. ஒச்சாயி சொட்டச் சொட்டக் கிடந்த தன் விறகைப் பார்த்தாள். பிறகு சந்தனக் கட்டைப் பார்த்தாள்.

"அய்யா, எம்மாம் பெரிய மரம். ஒரு தடவை கும்பிட்டுக்கட்டுமா?"

ஆதித்தநம்பி மீசையை நீவினார். "கும்பிடு. உன் கண்ணாவது புண்ணியம் பண்ணட்டும்."

ஒச்சாயி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எழுந்தவள், தொலைந்த பிள்ளையைக் கண்டவள்போலச் சந்தனக் கட்டு முழுவதையும் இரண்டு கையாலும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"தொட்டுட்டேனே," என்றாள் மெதுவாக. "இப்ப என்னங்கய்யா செய்யறது?"

"சந்தனத்துக்குத் தோஷம் கிடையாது," என்றார் அவர் அவசரமாக.

"எதுவானாலும்னு இப்பத்தானே சொன்னீங்க? உங்க பாட்டனார் அதுக்குள்ள மாத்திட்டாரா?"

அடுத்தவன் நெளிவதைப் பார்ப்பதில் மன்னனுக்கு விருந்து சாப்பிட்ட திருப்தி. "பாட்டனார் போட்ட முறையைப் பேரன் மீறலாமா, நம்பி? ஊற்றச் சொல்லும்."

இன்னும் மூன்று குடங்கள் சந்தனத்தின்மேல் கவிழ்ந்தன. இரண்டு விறகையும் அடுக்கி மூட்டினார்கள். கருவேலம் சீறியது, சந்தனம் நுரை தள்ளியது. மணக்கும் புகை எது, மணக்காத புகை எது என்று பிரித்துச் சொல்ல யாருக்கும் கண் திறக்கவில்லை. புலவர்கள் மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மன்னன் இருமி இருமிச் சிம்மாசனத்தை விட்டே இறங்கிவிட்டான்.

"ராசா," என்றாள் ஒச்சாயி, "வெளிவாசல்ல என் நாத்தனா இன்னொரு கட்டோட நிக்கிறா. தண்ணி படாம எடுத்தாரட்டுமா?"

"சீக்கிரம் கொண்டு வா," என்றான் மன்னன் இருமலுக்கு நடுவே.

ஈரக் கட்டைகளை வாரி எறிந்துவிட்டுக் காய்ந்த கருவேலத்தை வைத்தாள். சிறிது நேரத்தில் கங்கு செக்கச்செவேலென்று நின்றது. புகை காணோம். பல வருஷம் கழித்து மன்னனின் விரல்கள் குளிர்காயக் கணப்பின் பக்கம் நீண்டன.

"சந்தனத்தைவிட இது உயர்ந்ததா?"

"காஞ்ச சந்தனமும் எரியும் ராசா, இல்லேங்கல. எண்ணெய் இருக்கிறவரை மணந்து எரியும், அப்புறம் சாம்பல். புளி நின்னு எரியும். முருங்கை பேருக்குப் பத்திட்டு அணைஞ்சுடும். கருவேலம் கங்கு புடிச்சா பொழுது சாயுறவரை சூடு விடாது. ஆனா எந்தச் சாதி மரமானாலும் மூணு குடம் ஊத்துனா புகையத்தான் செய்யும்."

இத்தனை வருஷம் புகையில் உட்கார்ந்திருந்தும், விறகு ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மன்னர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, பரிசுதான் கொடுப்பார்கள். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

"அது எதுக்கு ராசா, எரியாது. என் புருஷனை விடுங்க. அந்த ஓலையை இந்தக் கணப்புல போடுங்க."

சடையன் வெளியே வந்தான். ஓலை நன்றாகவே எரிந்தது. பிறகு மன்னன் தீர்ப்புச் சொன்னான்: "மஞ்சள் நீர் இன்றோடு சரி. வெளிவாசலில் இவர்கள் இறக்கும் விறகை இனிமேல் கணப்புவரை நம்பியே தலையில் சுமந்து வரட்டும்."

ஆதித்தநம்பியால் ஆணையை மீற முடியவில்லை, பாட்டனாரையும் விட முடியவில்லை. ஒரு கட்டைச் சுமந்து வைப்பார். உடனே ஓடிப்போய்க் குளத்தில் ஒரு முழுக்குப் போடுவார். அடுத்த கட்டு, அடுத்த முழுக்கு. அந்த மார்கழியில் நான்காவது கட்டுக்குப் பிறகு பல் கிடுகிடுக்க, வேட்டி சொட்ட, ஒச்சாயி மூட்டிய கணப்பின் முன்னாலேயே வந்து நின்றார்.

ஒச்சாயி ஒரு கட்டையை உள்ளே தள்ளிவிட்டாள்.

"கிட்ட வாங்கய்யா," என்றாள். "நல்லாக் காயுங்க. நாங்க தொட்ட நெருப்புதான். இதையும் நனைக்கணும்னு உங்க பாட்டனார் சொன்னா மட்டும் சொல்லிட்டு நனைங்க, புகையறதுக்குள்ள ராசாவை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிடறேன்."