ஏறாத கொடி

கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுத் தூங்கப் போகிற கதை இல்லை இது. முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது, பதிலை உங்களிடம்தான் கேட்பேன். ஆகவே காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழித்துறை என்று ஒரு கடற்கரைப் பட்டினம். அதன் மணல்மேட்டில் உயரமான கம்பம் ஒன்று நின்றது. புயல் வருகிறதென்று அரண்மனையிலிருந்து செய்தி வந்தால் அதில் சிவப்புக் கொடி ஏறும். கொடியைப் பார்த்தபின் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. அதை ஏற்றி இறக்கும் வேலை சடையப்பருடையது. தம் ஒரே மகள் செம்பவளத்தை, அந்தக் கம்பம் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக் குப்பமான கொம்புமுனையில் முத்தரசன் என்ற மீனவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்.

ஒரு வருஷம் எதிர்க்கரைத் தீவின் அரசன் படை திரட்டினான். சண்டை வேண்டாமென்றால், ஆழித்துறைக்காரர்கள் மீன் பிடிக்கப் போகும் சீலாத் திட்டில் அந்தப் பருவம் முழுக்கத் தன் ஆட்கள் மட்டுமே மீன் பிடிக்க வேண்டும் என்றான். அமைச்சர் தென்னவராயர் ரகசியமாகச் சம்மதித்தார். சண்டை மூண்டிருந்தால் ஆழித்துறைப் பிள்ளைகள்தான் முதலில் செத்திருப்பார்கள், அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் திட்டை நம்பிப் பிழைக்கிற ஜனங்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஊர் திரண்டு வந்துவிடும் என்று பயம். புயல் வருகிறது, கொடியை ஏற்று என்று மட்டும் உத்தரவு அனுப்பினார். சடையப்பரும் நம்பி ஏற்றினார்.

நாள்கணக்கில் கொடி தொங்கியது. ஓர் இலைகூட அசையவில்லை. பசி பொறுக்காமல் கட்டுமரத்தில் போன இரண்டு பேர், திட்டு நிறையத் தீவுக்காரர்களின் வள்ளங்களைக் கண்டு திரும்பினார்கள். ஊர் கொதித்தது. இனிமேல் கொடி ஏறினால், அது எந்த நாளானாலும் சரி, எல்லா வள்ளமும் ஒன்றாகத் திட்டுக்குப் போவதென்று கடலம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

முத்தரசன் மட்டும் சேரவில்லை. "ஏமாந்தது மாமாவுந்தான். தெரிஞ்சு அவரு பொய்க்கொடி ஏத்த மாட்டாரு. நான் அந்தக் கம்பத்தப் பாத்துத்தான் கடலுக்குப் போவேன்" என்றான். ஊர் அவனோடு பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டது.

அடுத்த வருஷம் கடலம்மனுக்குக் கொடைத் திருவிழா வந்தது. கொடை முடியும்வரை வலை நனையக் கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். வள்ளங்கள் மணலில் கிடந்தன. கொட்டுச் சத்தத்தில் ஊர் மூழ்கியிருந்த ஒரு காலையில் அரண்மனைக் குதிரைக்காரன் வந்து இறங்கினான். தெற்குக் கரையைப் புயல் அடித்துப் போட்டுவிட்டது, மாலைக்குள் இங்கே வரும், கொடியை ஏற்று என்பது உத்தரவு. இந்த முறை அது நிஜம். குதிரைக்காரனின் சொந்த வீடே இடிந்திருந்தது.

சடையப்பர் கொடியைத் தொடாமல், முதலில் ஊர்த்தலைவர் கயிலாசத்திடம் ஓடினார். "பெரிய காத்து வருதுய்யா. இந்தத் தடவை சத்தியமா வருது."

கயிலாசம் வானத்தைக் காட்டினார். அது துடைத்துவிட்டாற்போல இருந்தது. "அரமனைச் சோத்தத் தின்னுட்டு வேற என்ன பேசுவ? ஏத்திப் பாரு கொடிய. ஏறுன நிமிசமே வள்ளத்த எறக்குறோம்."

சடையப்பர் மேட்டுக்குத் திரும்பினார். ஏற்றினால் ஊரே புயலுக்குள் போகும். ஏற்றாவிட்டால் கொடை பார்த்துக்கொண்டு கரையிலேயே கிடக்கும். கொடை நாளில் எவன் கடலில் இறங்கப் போகிறான் என்று அவர் நினைத்தார். கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொம்புமுனையில் அன்று செம்பவளத்துக்கு வலி எடுத்திருந்தது. மருத்துவச்சி, வள்ளத்தில் கடக்க வேண்டிய குடாவின் அக்கரையில் இருந்தாள். கொடை நாளென்று முத்தரசன் தயங்கினான். செம்பவளம்தான் வாசலைப் பிடித்து நின்று கம்பத்தைப் பார்த்தாள்.

"அப்பா கொடி ஏத்தல. பயமில்ல, போயிட்டு வாங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா."

அவன் போனான். பிற்பகலில் கடல் கரையேறி வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வீம்பை விட்டு ஓடிவந்து பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள், அவர் ஏன் கொடியை ஏற்றவில்லை என்பது புரிந்து ஆழித்துறையே மேட்டுக்கு வந்தது. கயிலாசம் சடையப்பரின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். "எங்க புத்திய வச்சே எங்களக் காப்பாத்திட்டியே, சாமி!" அவரைத் தோளில் தூக்கினார்கள். தோளில் இருந்தபோதுதான், உடைந்த வள்ளத்தின் பலகையைச் சுமந்துகொண்டு கொம்புமுனைக்காரர்கள் வருவதைப் பார்த்தார்.

பச்சை உடம்போடு கிடந்த செம்பவளம், ஓடிவந்த தகப்பனைப் பார்த்து அழக்கூட இல்லை. "ஒன் கொடிய நம்பாதவங்க எல்லாரும் இருக்காங்க. நம்புன மனுசன் மட்டும் ஏம்ப்பா இல்ல?" என்று கேட்டாள்.

இப்போது சொல்லுங்கள். முத்தரசன் சாவுக்கு யார் பொறுப்பு? போரைத் தவிர்க்கப் பொய் சொன்ன அமைச்சரா, மெய்யைச் சொன்னபோது கேட்காத ஊரா, ஊரைக் காப்பாற்றக் கொடியை மறைத்த சடையப்பரா?

என் தீர்ப்பு இது: அமைச்சர்தான். திட்டைக் கொடுத்து உயிர்களைக் காத்ததற்காக அல்ல, அதைச் சொல்லாமல் புயல்கொடிக்குப் பின்னால் ஒளிந்ததற்காக. நேரில் வந்து சொல்லியிருந்தால் ஊர் மண்ணை வாரித் தூற்றியிருக்கும், பட்டினி கிடந்து சபித்திருக்கும், ஆனாலும் கொடியை நம்பியிருக்கும். ஒருமுறை ஏமாந்த ஊரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. சடையப்பருக்கு மிஞ்சியவை இரண்டே வழிகள், இரண்டிலும் சாவு இருந்தது. அதனால் அவர்மேல் குற்றமில்லை என்று நான் சொல்வேன், நீங்களும் சொல்வீர்கள். அவர் மட்டும் கடைசிவரை அப்படிச் சொல்லவில்லை. பேத்தி நடக்கப் பழகியபின்னும் செம்பவளம் அவளை அந்த மேட்டுப் பக்கம் கூட்டிப்போகவில்லை, கூட்டிவா என்று அவரும் கேட்கவில்லை.