பால்துரை அண்ணாச்சி வேலைக்கு வைத்த புழு

பாளையங்கோட்டையில் பால்துரை அண்ணாச்சியின் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் கேள்வி கேட்டவர்கள் கதையோடு வெளியே வந்திருக்கிறார்கள். பதிலோடு வந்ததாக இதுவரை தகவல் இல்லை. ஊருக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்த பெனிட்டாவுக்கு அது தெரியாது.

இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை. கஞ்சி கொடுக்க ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கையில் மக்காச்சோளக் கஞ்சி மாவு பாக்கெட். மரபணு மாற்றிய சோளத்தால் ஒன்றும் ஆகாது என்று ஃபோனில் ஒருத்தி சொல்கிறாள், தொட்டுவிடாதே என்று இன்னொருத்தி. படித்துப் படித்துப் பயம்தான் மிச்சம். எவள் சொல்வது சரியோ, பிள்ளை வாயில் போவது இன்னதென்று தெரிந்து கொடுத்தால் போதும் அவளுக்கு.

"அண்ணாச்சி, இது மரபணு மாத்துன சோளமா, சாதா சோளமா?"

அண்ணாச்சி கல்லாவைச் சாத்தினார்.

"அந்தச் சரக்கு நம்ம வாசப்படி ஏறுமா தாயி? ஒரு மணி சோளத்தை நாக்குல வச்சேன்னா எந்த ஊரு, எந்த வயலு, விதைச்சவன் இனிஷியல் என்னன்னு சொல்லிருவேன்."

பில் போட நின்ற ஆட்டோக்கார முப்பிடாதி, "போன வாரம் தந்த துவரம்பருப்பு வேகவே இல்லையே அண்ணாச்சி. அதை நாக்குல வைக்கலியோ?" என்றான்.

"அன்னைக்கு நாக்குக்கு லீவு வே. ஒத்த நாக்கு எத்தனை லோடு பாக்கும்? அதான் ஒரு புழுவை வேலைக்கு வச்சேன். கத்தரிக்காப் புழு. மரபணு மாத்துன காயைப் புழு தின்னாதுல்லா? வாசல்ல தராசுத் தட்டுல உக்காந்திருக்கும். லோடு வந்ததும் ஒரு காயை நீட்டுவோம். கடிச்சா சரக்கு உள்ள. மூஞ்சியைத் திருப்பினா லாரி ரிவர்ஸ். அதுக்கப்புறம் சனங்க சொத்தைக் கத்தரிக்காதான் வேணும்னு வரிசையில நின்னாவ. நல்ல காயை ஓசியில குடுத்தாலும் தொடல."

"புழுவுக்கு பி.எஃப். பிடிச்சியளா?"

"பிடிச்சோம். நாமினி ஒரு அந்துப்பூச்சி. என்ன உறவுன்னு கேட்டா, 'பின்னால நானே அதுதான்'னுட்டு."

பிள்ளை பாக்கெட்டின் மூலையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோயிற்று. பெனிட்டா வெடுக்கென்று பிடுங்கினாள். பிள்ளை சிணுங்கியது.

"அண்ணாச்சி, இந்தச் சோளம்..."

"வாரேன், அங்கதான வாரேன். கம்பெனிக்காரன் விடுவானா? புழுவைத் திங்குற கத்தரிக்காய் ஒண்ணை அனுப்பிட்டான். தட்டுல வச்சோம். புழுவைக் காணோம். காய் ஏப்பம் விட்டுச்சு."

"கத்தரிக்காய்க்கு வாய் ஏது?"

"காம்பு வழியா வே. குடோன்ல போட்டுப் பூட்டினேன். விடிஞ்சு பாத்தா ஷட்டரை முட்டிக்கிட்டு நிக்கி. மறுநாள் தெருவையே அடைச்சிட்டு. கார்ப்பரேஷன்காரன் வந்து அதுக்கு வீட்டு வரி போட்டுட்டுப் போனான். கடைசியில கம்பெனி முதலாளியே ஃபிளைட்ல வந்து என் காலைப் பிடிச்சாரு, எங்க சரக்குக்கு ஒரே ஒரு அலமாரி குடுங்கன்னு. 'நம்ம கடையில சனங்க எதைத் திங்கோம்னு தெரிஞ்சுதான் திம்பாவ. காயைத் தூக்கிட்டுப் போரும்'னுட்டேன். அதை ஏத்தினதுல ஃபிளைட்டு எந்திரிக்கல. தூத்துக்குடி வரைக்கும் ரோட்டுலயே ஓட்டிட்டுப் போயிக் கப்பல்ல ஏத்தினாரு."

"டோல்கேட்ல விட்டானா?"

"ஃபிளைட்டை விட்டுட்டான். கத்தரிக்காய்க்குத்தான் ரசீது கேட்டான்."

முப்பிடாதி கும்பிட்டான். பெனிட்டா சிரிக்கவில்லை. பாக்கெட்டைக் கல்லா மேல் வைத்தாள்.

"சரி அண்ணாச்சி. இதுல அது இருக்கா, இல்லையா?"

அண்ணாச்சி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சின்ன எழுத்தெல்லாம் வாசித்தார். வெகுநேரம் வாசித்தார்.

"அது கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும்."

"உங்க நாக்கு?"

"ஒட்டுன பாக்கெட்டை எப்படி தாயி நக்க?"

"அப்போ தெரியாதுன்னு ஒரு அட்டையில எழுதி இதுக்கு முன்னாடி வைங்க. வாங்கவா வேண்டாமான்னு நாங்க யோசிச்சிக்கிடுதோம்."

அண்ணாச்சி பிஸ்கட் அலமாரியைப் பார்த்தார். எண்ணெய் அலமாரியைப் பார்த்தார். கடைசி வரிசை வரைக்கும் கண்ணை ஓட்டிவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு அவர் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அட்டை வைக்க ஆரம்பிச்சா, கடைக்குள்ள அட்டையைத் தவிர வேற சரக்கே கண்ணுக்குத் தெரியாதே தாயி."