பதினோரு கையெழுத்து

கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கீழமடையூர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை ஆவுடையம்மாள் கைப்பேசி சிணுங்கினாலே பேனாவைத் தேடுவார். சுற்றறிக்கையாக இருக்கும். ஜூனில் ஒரு விதி, ஆகஸ்டில் அதற்கொரு திருத்தம், தீபாவளிக்கு முன்னால் திருத்தத்துக்கும் திருத்தம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பழையதை அடித்து, புதியதை எழுதி, நோட்டே கோடாகிக் கிடந்தது. அடிபடாமல் நின்றது முதல் பக்கத்து வரி ஒன்றுதான். சிவப்பு மையில் அவரே எழுதியது: ‘ஆபத்தான அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது.’

ஒன்றாம் வகுப்புக் கூரையில் விரிசல் விட்டு, கம்பி வெளியே தெரிந்தது. பிள்ளைகளை அதற்கு நேர்கீழே விடாமல் சுவரோரம் தள்ளி உட்கார வைத்திருந்தார் ஆவுடையம்மாள் டீச்சர். பழுதுபார்க்கும் பட்டியலில் பள்ளியின் பெயர் ஏற வேண்டுமானால், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கைப்பேசி வழியாக வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போன வருஷம் வரை தலைமையாசிரியர் கையெழுத்தே போதும். இப்போதோ, இருபது உறுப்பினர்களில் பதினோரு பேராவது பள்ளிக்கூடத்துக்கே வந்து கூடிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சுற்றறிக்கை வந்தது வியாழன் சாயங்காலம். தவறினால் அடுத்த வருஷம்தான். மழை அதுவரை பொறுக்குமா?

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கமான குழுக் கூட்டங்களுக்கு யாரும் வருவதில்லை. தீர்மான நோட்டுதான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வரும். அதனால் வீட்டுக்கு வீடு சொல்லியனுப்பியும், ‘நோட்டு எப்படியும் வரும்’ என்று உறுப்பினர் பெண்கள் பிசானப் பருவ நெல் நடவுக்குப் போய்விட்டார்கள். வெள்ளி மதியம் வந்து உட்கார்ந்தது ஆறே பேர்.

“தாயே, இன்னும் அஞ்சு பேருக்கு நான் எங்கே போவேன்?” என்று கண்ணை மூடிக்கொண்டார் ஆவுடையம்மாள். அடுத்த அறையான ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளின் சத்தமே இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

உதவி ஆசிரியர் செண்பகராமன் நோட்டோடு வண்டியை எடுத்தார். வரப்பில் நின்று விரிசலைப் பற்றி எடுத்துச் சொல்லி, ஐந்து உறுப்பினர்களிடம் சேற்றுக் கையைத் துடைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கி, மூன்று மணிக்குத் திரும்பினார்.

“எல்லாரும் முழு மனசோட போட்டாங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல கூடினதா எழுதிருங்க. சேறு எப்படி வந்துச்சுன்னு யாரு கேக்கப் போறா?”

அதற்குள் குழுத் தலைவி இசக்கித்தாய், தெருவில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஐந்து தாய்மாரைக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் உறுப்பினர்கள் இல்லை. ஆனால் ஐவரின் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பில்தான்.

“போனதுதான் போனிய, ரெண்டு முடி நாத்தும் நட்டுட்டு வந்திருக்கலாம்லா சார்?” என்று ஒரு குத்தல் குத்திவிட்டு, டீச்சரிடம் திரும்பினார். “இவ்வளவு பேரும் நேர்ல வந்திருக்காவ. வராதவ பேருக்கு நேரா இவங்க போடட்டும். வயல்ல நிக்கவளைவிட இவங்களுக்குத்தான டீச்சர் வயித்துல நெருப்பு?”

பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார் ஆவுடையம்மாள். மணி மூன்றரை.

அப்போது சத்துணவு சமைக்கும் பூலம்மாள் வந்து மேசைமேல் ஒரு சாவியை வைத்தாள்.

“சாப்பிட வந்த சின்னப்பிள்ளைகளைத் திரும்ப உள்ள விடல டீச்சர். வேப்பமரத்தடியில உக்கார வச்சிட்டேன். அரிசி அறைப் பூட்டைக் கழத்தி ஒண்ணாங்கிளாசுக்குப் போட்டுட்டேன்.”

அரிசி அறை ஒரு நிமிஷமும் பூட்டில்லாமல் இருக்கக் கூடாது என்பதும் விதிதான்.

“ஐயோ பூலம்மா, அரிசி?”

“முறத்தோட வாசல்ல நான்தான் உக்காந்திருக்கேன். திட்டணும்னா அங்க வந்து திட்டுங்க.” போய்விட்டாள்.

மூவரும் ஆளுக்கொரு விதியை மீறத் துணிந்தவர்கள். மூவரும் பிள்ளைகளுக்காகவே துணிந்தவர்கள். இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பூலம்மாள். மற்ற இருவர் மனசிலும் களங்கமில்லை. ஆனால் அவர்கள் சொன்னபடி செய்தால் நடக்காததை நடந்ததாக எழுத வேண்டும். எழுதிய பிறகும் பிள்ளைகள் அதே கூரையின் கீழ்தான். பூலம்மாளோ பூட்டை எடுத்த இடத்தில் தானே காவலிருந்தாள், எடுத்ததையும் வந்து சொன்னாள். அந்தச் சிவப்பு வரிக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை; அதை எழுதியவரே மறந்திருந்தார். ஆவுடையம்மாள் உள்ளதை உள்ளபடி எழுதினார்: ‘வந்த உறுப்பினர்கள் ஆறு பேர். வயலில் சம்மதம் சொன்னவர்கள் ஐந்து பேர். அறை பூட்டப்பட்டது.’ நாலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார். பட்டியலில் பெயர் ஏறியதா என்று இன்னும் தெரியாது. ஞாயிறன்று மழை கொட்டியது. திங்கள் காலை பூட்டைத் திறந்தால், பத்திரம் என்று நம்பி அவர் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்த அதே சுவரோரத்தில், காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. சாவியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார் டீச்சர்.