மடிப்புக்குள் போன கை

"டீச்சர், கை மறுபடியும் மடிப்புக்குள்ள போயிட்டு."

சேர்மதுரை அண்ணாச்சி வாசலில் நின்றே சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ரெஜினா டீச்சர் தூத்துக்குடியில் தன் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கான படப் புத்தகம் வரையக் கற்றுக்கொடுக்கிறவர். அண்ணாச்சியைவிட வயதில் நன்றாகவே சின்னவர். ஆனாலும் அவருக்கு இவர் டீச்சர்தான். எந்தப் படம் வரைந்தாலும் இந்த மாடி ஏறிக் காட்டாமல் அண்ணாச்சிக்குத் தூக்கம் வராது.

போன வருஷம் அண்ணாச்சிக்குப் பெரிய பரிசு கிடைத்தது. ஆற்றைத் தேடிப் போகிற யானைக்குட்டி பற்றிய புத்தகம். டில்லிக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். அட்டையில் தங்க நிறத்தில் வட்ட முத்திரை ஒட்டி மறுபடி அச்சடித்தார்கள். பார்க்கிறவனெல்லாம் கை குலுக்கினான்.

அந்தப் புத்தகம் மெல்போர்னுக்கும் போனது. அங்கேதான் அவர் மகள் நறுமுகை அம்மாவோடு இருக்கிறாள். கல்யாணம் முறிந்தபின் இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மட்டும் அப்பா.

பரிசு வாங்கிய புத்தகத்தைப் பிள்ளை பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறாள். யானை நல்லா இருக்கு என்றாளாம். அப்புறம் கேட்டாளாம்.

"இதுல நீ எங்கே, அப்பா? நான் எங்க?"

அண்ணாச்சி சிக்னல் சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்காகத்தான் இந்தப் புதுப் புத்தகம். பதிப்பகத்தில் மறுபடியும் ஒரு யானை போடுங்கள், நடுவர்களுக்கு யானை பிடிக்கும் என்றார்கள். நடுவர்களுக்கா வரைகிறேன் என்று சண்டை போட்டுவிட்டு வந்தவர். பிள்ளையின் பிறந்தநாளுக்குள் அது அவள் கைக்குப் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது.

கடைசிப் படம் மட்டும் அடங்க மாட்டேன் என்றது.

இடது பக்கம் இந்தக் கரையில் அப்பா. வலது பக்கம் அந்தக் கரையில் மகள். நடுவில் கடல். இரண்டு பேரும் கடலுக்கு மேலே கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடிக்கிற இடம் சரியாக நடு மடிப்பு. புத்தகத்தைத் தைத்ததும் விரல்களெல்லாம் உள்ளே போய்விடும். அப்பனுக்கும் மகளுக்கும் மணிக்கட்டோடு கை முடிந்துபோகும்.

மடிப்பில் முகமோ கையோ வரையக் கூடாது என்பது டீச்சரின் முதல் நாள் பாடம். நேற்றுச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யாத தப்பு. பரிசு வாங்கிய மனுஷன் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

அண்ணாச்சி கொண்டுவந்த மாதிரிப் புத்தகத்தை டீச்சர் வாங்கி விரித்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல வச்சுப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"என்ன ஆச்சு?"

"பொய் மாதிரி இருந்துச்சு. பிள்ளை கண்டுபிடிச்சிருவா."

டீச்சர் தலையாட்டினார். அப்படியானால் கைகளை எடுத்துவிடுங்கள் என்றார்.

அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிற்று. அந்தக் கைதானே படமே என்று முனகினார்.

டீச்சர் அதோடு விடவில்லை. அப்பாவை இடது ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார். மகளை வலது ஓரத்துக்கு. அவளை ஒரு பாறைமேல் ஏற்றி, அப்பாவின் தோள் உயரத்துக்கு நிறுத்தச் சொன்னார். இரண்டு பேரும் ஓரத்திலிருந்து சமதூரத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமாம்.

"இன்னும் தள்ளியா? இருக்கிற தூரம் போதாதா டீச்சர்?"

"வரைங்க அண்ணாச்சி."

அங்கேயே உட்கார்ந்து, டீச்சர் தைத்துக் கொடுத்த வெள்ளைப் புத்தகத்தில் வரைந்தார். கோபத்தோடுதான் வரைந்தார். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை. அந்த இடத்தில் தாளை வெறுமனே விட்டார். மகளுக்குச் சிவப்புக் கவுன். தண்ணீர் அதிகம் சேர்க்காமல் சாயத்தைக் கெட்டியாகப் பூசினார். நடுவில் கடல் இரண்டு பக்கத்திலும் பரந்து கிடந்தது. ஒரு படகுகூட இல்லை.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பார்க்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளையைத் தூக்கணும் போல இருக்கு டீச்சர். போன்ல பேசுறத விடுங்க. ஒரு தடவை தூக்கணும்."

டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

"படிச்சு முடிச்சதும் பிள்ளை என்ன செய்யும்?"

"புத்தகத்த மூடும்."

டீச்சர் மூடினார்.

அண்ணாச்சி பதறிப்போனார். சாயம் காயவில்லை, எல்லாம் பாழ் என்று புத்தகத்தைப் பிடுங்கித் திறந்தார்.

அப்பாவின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சோடு நெஞ்சாக, மகளின் சிவப்புக் கவுன் ஒட்டியிருந்தது. தோளில் அவள் தலைமுடியின் கறுப்பு.

வேறு தாள் தரட்டுமா என்று டீச்சர் கேட்டார்.

அண்ணாச்சி புத்தகத்தைத் தானே மூடினார். மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் டீச்சர்."